எடை பார்த்து இணைப்பைத் திற

பழவேற்காட்டில் ஊர் விவகாரம் பாதி இப்போது மெயிலில்தான் வருகிறது. கடலோர ஒழுங்குமுறை மண்டல வரைபடம், துறைமுக விரிவாக்கத்துக்கான சுற்றுச்சூழல் தாக்க அறிக்கை, தகவல் உரிமை மனுவுக்கு வந்த பதில், கூட்டுறவுச் சங்கப் படிவம் என்று எல்லாமே அட்டாச்மென்ட். மெயிலில் இருப்பது "இத்துடன் இணைக்கப்பட்டுள்ளது, பார்க்கவும்" என்கிற ஒரு வரி. ஏரியில் யார் எப்போது எங்கே மீன் பிடிப்பது என்று பாடு பிரிக்கிற விஷயம் மட்டும்தான் இன்னும் மெயிலுக்கு வரவில்லை. அது ஊர்க்கூட்டத்தில் பேசி முடிகிறது, அப்படியே இருக்கட்டும். மற்றபடி, "நீதான் படிச்ச பொண்ணு, நீயே பாத்துக்க" என்று ஊர் மெயில் ஐடியை உன்னிடம் கொடுத்திருந்தால், தங்கச்சி, அட்டாச்மென்டை ஒழுங்காகத் திறக்கத் தெரிவதுதான் உன் முக்கால்வாசி வேலை.

கையில் இருப்பது எது? பெரும்பாலும் அண்ணனுக்குப் பள்ளிக்கூடத்தில் கொடுத்த விலையில்லா லேப்டாப். 2011-ல் அரசு அந்தத் திட்டத்தைத் தொடங்கியபோது வந்தவற்றில் பல, சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்த்து வந்தவை. அதில் பிரவுசரைத் திறந்து ஜிமெயிலைப் போட்டால் ஃபேன் கத்தும், மவுஸ் நகராது. சிக்னல் குறைந்த ஊர்களுக்கு உதவியாக ஜிமெயிலில் எளிய எச்டிஎம்எல் பார்வை ஒன்று இருந்தது. 2024 தொடக்கத்தில் கூகுள் அதையும் எடுத்துவிட்டது. அதனால்தான் டெர்மினலைச் சொல்கிறேன். கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து, மவுஸ் தேவையில்லை. பழைய லேப்டாப்புக்கு இது சுமையே இல்லை. ஒன்று மட்டும்: பழைய பாஸை அப்படியே வைத்துக்கொண்டு ஜிமெயிலோடு பேச முயலாதே. அந்தக் காலத்துப் பாதுகாப்பு முறையை இன்றைய சர்வர்கள் ஏற்காது. புதிய டெபியன் லினக்ஸ் ஒன்றைப் போட்டுக்கொள்.

டெர்மினலில் மெயில் பார்க்க இரண்டு புரோகிராம்கள் உண்டு: ஆல்பைன், மட். கணினி ஆட்கள் மட்டைத்தான் தூக்கிப் பிடிப்பார்கள். நான் உனக்கு முதலில் ஆல்பைனைச் சொல்கிறேன், காரணம் சிக்னல்.

பசியாவரம், இடமணி பக்கம் இருந்துகொண்டு மெயில் பார்த்தவர்களுக்குத் தெரியும், நெட் எல்லா நேரமும் ஒரே மாதிரி நிற்காது. மட்டில் ஒரு மெயிலைத் திறந்தால், அது அட்டாச்மென்டோடு சேர்த்து முழு மெயிலையும் இறக்கும். மெயிலில் 18 எம்பி வரைபடம் தொங்கினால் அந்த 18 எம்பியும் வந்து முடிந்த பிறகுதான் "ஐயா வணக்கம்" என்ற முதல் வரியே கண்ணில் படும். ஆல்பைன் அப்படி இல்லை. மெயிலின் அமைப்பை மட்டும் முதலில் கேட்டு வாங்கும், எழுத்துப் பகுதியைக் காட்டும், அட்டாச்மென்டை நீ கேட்டால்தான் இறக்கும். மெயிலின் தலைப்புக்குக் கீழே ஒரு சின்னப் பட்டியல் தெரியும்: ஒன்று, எழுத்து, இத்தனை வரி, இரண்டு, பிடிஎஃப், இத்தனை எம்பி. ஏலத்துக்கு வந்த கூடையில் மேல் ஐஸை ஒதுக்கிப் பார்த்துவிட்டு விலை கேட்பது மாதிரி, எடையைப் பார்த்துவிட்டு இறக்கலாமா வேண்டாமா என்று நீ முடிவு செய்யலாம்.

ஆல்பைனின் தாய் பைன். சியாட்டிலில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் 1989-ல் எழுதத் தொடங்கினார்கள், அதுவும் கணினி படித்தவர்களுக்காக இல்லை, அலுவலகப் பணியாளர்களுக்காக. அதனால் எந்தப் பொத்தான் என்ன செய்யும் என்பது எப்போதும் திரையின் கடைசி இரண்டு வரிகளில் எழுதியே இருக்கும். மனப்பாடம் வேண்டாம். மெயிலைத் திறந்த பிறகு 'வி' அழுத்து, அட்டாச்மென்ட் பட்டியல் வரும். அம்புக்குறியால் வேண்டியதில் நின்று மறுபடி 'வி' அழுத்தினால் திறக்கும், 'எஸ்' அழுத்தினால் சேமிக்கும். சேமிக்கும்போது பெயர் கேட்கும். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

ஜிமெயிலில் நுழைய உன் வழக்கமான பாஸ்வேர்டு வேலைக்கு ஆகாது. கூகுள் கணக்கில் இரண்டு கட்டச் சரிபார்ப்பை இயக்கிவிட்டு, ஆப் பாஸ்வேர்டு என்று தனியாக ஒன்று வாங்கு. அதைத்தான் ஆல்பைனிலும் மட்டிலும் கொடுக்க வேண்டும். நோட்டில் எழுதிச் சுவரில் ஒட்டாதே.

நீ மட்டையே பழகிவிட்டாய் என்றால் விடச் சொல்லவில்லை. மட்டின் பட்டியலிலேயே மெயிலின் அளவை எண்ணாகக் காட்டும்படி வைத்துக்கொள்ளலாம். திறக்கும் முன் அதைப் பார். மெசேஜ் கேஷ் என்ற ஃபோல்டரை அமைத்துவிட்டால் ஒருமுறை இறக்கிய மெயிலை மறுபடி இறக்காது. எம்பிசிங்க் என்ற துணைப் புரோகிராம் கொண்டு மெயிலை லேப்டாப்புக்கே கொண்டுவருபவர்கள், அதில் அளவு வரம்பு ஒன்று வைத்தால் பெரிய மெயிலுக்குப் பதிலாக ஒரு அடையாளம் மட்டும் வந்து நிற்கும். வேண்டுமானால் பிறகு முழுதாகக் கேட்கலாம். மட்டிலும் அட்டாச்மென்ட் பட்டியலுக்கு 'வி'தான், சேமிக்க 'எஸ்'தான். பல அட்டாச்மென்ட் இருந்தால் ஒவ்வொன்றின் மேலும் நின்று 'டி' அழுத்திக் குறியிடு, பிறகு அரைப்புள்ளியும் 'எஸ்'ஸும் அழுத்து, எல்லாம் ஒரே மூச்சில் சேமிக்கப்படும்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். 'வி' அழுத்தினேன், "திறக்க வழி தெரியவில்லை" என்கிறது, என்ன செய்ய? இதுதான் எல்லோரும் கேட்பது.

டெர்மினல் மெயில் புரோகிராமுக்குப் பிடிஎஃப் திறக்கவும் தெரியாது, படம் காட்டவும் தெரியாது. எந்த வகை ஃபைலை எதைக் கொண்டு திறப்பது என்று நீதான் எழுதிவைக்க வேண்டும். எழுதிவைக்கும் இடம் மெயில்கேப் என்ற சின்ன ஃபைல், உன் வீட்டு ஃபோல்டரில், பெயருக்கு முன்னால் ஒரு புள்ளியோடு இருக்கும். ஆல்பைனும் படிக்கும், மட்டும் படிக்கும். ஒரு வரிக்கு ஒரு வகை. முதலில் வகையின் பெயர், பிறகு அரைப்புள்ளி, பிறகு திறக்கும் புரோகிராமின் பெயர், ஃபைல் பெயர் வரவேண்டிய இடத்தில் விழுக்காட்டுக் குறியும் சின்ன 'எஸ்'ஸும். அவ்வளவுதான் இலக்கணம்.

பிடிஎஃபுக்கு இரண்டு வரி எழுது. வரைகலைத் திரை இருந்தால் சத்துரா என்ற எடை குறைந்த புரோகிராம். இல்லாவிட்டால் பாப்ளர் தொகுப்பில் வரும் பிடிஎஃப்-டூ-டெக்ஸ்ட், பிடிஎஃபில் உள்ள எழுத்தை மட்டும் பிழிந்து டெர்மினலிலேயே காட்டும். திரை இருக்கிறதா என்று சோதிக்க, வரியின் கடைசியில் 'டெஸ்ட்' என்று ஒரு நிபந்தனை சேர்க்கலாம். எழுத்தாகக் காட்டும் வரியில் 'கோபியஸ்-அவுட்புட்' என்ற சொல்லையும் சேர்த்துவிடு. அப்போதுதான் மட் அதைப் பக்கம் பக்கமாகக் காட்டும். எச்டிஎம்எல் மெயிலுக்கு டபிள்யூ-3-எம், படத்துக்கு ஃபே. வேர்டு ஃபைலுக்கு, பழைய டாக் என்றால் ஆன்டிவேர்டு, புதிய டாக்எக்ஸ் என்றால் பான்டாக். எக்செல் பட்டியல் வந்தால் எக்ஸ்எல்எஸ்எக்ஸ்-டூ-சிஎஸ்வி.

இந்த மெயில்கேப்பை வகுத்தவர் நத்தானியல் போரன்ஸ்டைன். மெயிலில் படமும் ஒலியும் சேர்த்து அனுப்பும் மைம் முறையை நெட் ஃபிரீடுடன் சேர்ந்து உருவாக்கியவரும் அவர்தான். 1992 மார்ச் 11-ஆம் தேதி அவர் அனுப்பிய முதல் அட்டாச்மென்டில் இருந்தது, அவர் நண்பர்களோடு நின்று பாடுகிற படமும் பாட்டும். பாட்டில் தொடங்கிய சமாச்சாரம் இன்று 900 பக்க அறிக்கையில் வந்து நிற்கிறது, அவர் மேல் தப்பில்லை.

எல்லாம் எழுதியும் சில ஃபைல் திறக்காது. காரணம் அனுப்பியவர். அலுவலகங்களிலிருந்து வரும் பிடிஎஃப் பல சமயம் தன்னைப் பிடிஎஃப் என்று சொல்லிக்கொண்டு வராது. 'ஆக்டெட்-ஸ்ட்ரீம்' என்ற பொதுப் பெயரில் வரும். அப்படி என்றால் "ஏதோ ஒரு ஃபைல், நீயே பார்த்துக்கொள்" என்று பொருள். மட்டில் 'மைம்-லுக்கப்' என்று ஒரு வரி எழுதினால் இந்தப் பொதுப் பெயரை நம்பாமல் ஃபைல் பெயரின் வாலைப் பார்த்து வகையை முடிவுசெய்யும். இன்னொன்று வின்மெயில்-டாட்-டேட். அவுட்லுக்கில் இருந்து வருகிற மூட்டை அது, உள்ளே நிஜமான ஃபைல் இருக்கும். டிஎன்இஎஃப் என்ற சின்னப் புரோகிராமைப் போட்டுக்கொண்டால் மூட்டையைப் பிரித்துத் தரும். அனுப்பியவருக்கு "திறக்கவில்லை ஐயா, மறுபடி அனுப்புங்கள்" என்று எழுதினால் மறுபடி அதே மூட்டைதான் வரும்.

தமிழில் பெயர் வைத்த ஃபைல் வந்தால் பழைய மட்டில் பெயரே தெரியாது. சமக்குறி, கேள்விக்குறி, யுடிஎஃப், பி என்று ஒரு நீளமான குப்பை தெரியும். பயப்படாதே, வைரஸ் இல்லை. பெயரைத் தவறான முறையில் மடித்து அனுப்பியிருக்கிறார்கள். ஆர்எஃப்சி 2047 பாராமீட்டர்ஸ் என்ற அமைப்பை 'யெஸ்' ஆக்கு, தமிழ் தெரியும்.

சரி, திறந்தேன், ஜன்னல் வந்தது, ஆனால் "ஃபைலைக் காணோம்" என்கிறது. இதுவும் மட்டில் அடிக்கடி வரும். அட்டாச்மென்டைத் திறக்கும்போது மட் அதைத் தற்காலிக ஃபைலாக எழுதி, பார்க்கும் புரோகிராமிடம் கொடுக்கும். புரோகிராம் முடிந்தவுடன் அந்த ஃபைலை அழித்துவிடும். பிரவுசர் மாதிரி சில புரோகிராம்கள், ஏற்கெனவே திறந்திருக்கும் ஜன்னலிடம் வேலையை ஒப்படைத்துவிட்டு உடனே "முடிந்தது" என்று திரும்பிவிடும். மட் நம்பி அழித்துவிடும். ஜன்னல் தேடும்போது ஃபைல் இல்லை. தீர்வு, மெயில்கேப்பில் புரோகிராமை நேராகக் கூப்பிடாமல், ஃபைலை முதலில் வேறொரு ஃபோல்டருக்கு நகலெடுத்துவிட்டு அந்த நகலைத் திறக்கும் மூன்று வரி ஸ்கிரிப்ட். ஃபோனில் டெர்மக்ஸ் போட்டு அதில் மட் ஓட்டுபவர்களுக்கும் இதே கதைதான்: டெர்மக்ஸ்-ஓப்பன் ஆண்ட்ராய்டிடம் ஃபைலைக் கொடுத்துவிட்டுத் திரும்பிவிடும். என்னைக் கேட்டால், ஊர் விவகார ஃபைலை நேராகத் திறக்கவே வேண்டாம். சேமி, பிறகு திற. எப்படியும் அது உனக்குப் பிறகும் வேண்டும்.

சேமிக்கும் பெயர். தேதி முதலில், வருடம்-மாதம்-நாள் என்ற வரிசையில், பிறகு யாரிடமிருந்து, பிறகு என்ன. "ஸ்கேன்001" என்று வருவதை அப்படியே சேமித்தால் ஆறு மாதத்தில் ஃபோல்டர் முழுக்க ஸ்கேன்001 இருக்கும். அட்டாச்மென்டை மட்டும் எடுத்துவிட்டு மெயிலை அழிக்காதே. தகவல் உரிமைச் சட்டப்படி 30 நாளுக்குள் பதில் தர வேண்டும், பதில் கிடைத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு போக வேண்டும். எந்தத் தேதியில் கிடைத்தது என்பதற்குச் சாட்சி பிடிஎஃப் இல்லை, அந்த மெயில்தான். அதைத் தனி ஃபோல்டரில் போட்டுவை.

அடுத்தது, பெரிய அறிக்கை வந்தால் என்ன செய்வது. 2006-ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி, பொதுமக்கள் கருத்துக்கேட்புக்கு முன்னால் குறைந்தது 30 நாள் அவகாசம் கொடுத்து அறிவிக்க வேண்டும்; அறிக்கையின் சுருக்கம் தமிழிலும் இருக்க வேண்டும். காட்டுப்பள்ளி துறைமுக விரிவாக்கத்துக்கு 2023 செப்டம்பர் 5-ல் நடப்பதாக இருந்த கூட்டம் தள்ளிவைக்கப்பட்டது உனக்கே தெரியும். இப்படி ஒரு கூட்டம் மறுபடி வரும்போது 30 நாளில் நூற்றுக்கணக்கான பக்க ஆங்கில அறிக்கையை யார் படிப்பது? முழுக்கப் படிக்க வேண்டாம், தேடிப் படி. டெர்மினல் இங்கேதான் மற்ற எல்லாவற்றையும் தோற்கடிக்கிறது.

முதலில் பிடிஎஃப்-இன்ஃபோ ஓட்டு. எத்தனை பக்கம், எந்தத் தேதியில் உருவானது, பக்கத்தின் அளவு என்ன என்று நாலு வரியில் சொல்லிவிடும். பிறகு பிடிஎஃப்-கிரெப். அதில் 'என்' என்ற குறியைச் சேர்த்து ஒரு சொல்லைத் தேடினால், அந்தச் சொல் வருகிற வரிகளைப் பக்க எண்ணோடு வரிசையாகக் கொட்டும். புலிகாட் என்று தேடு, பழவேற்காடு என்பதை ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுதலாமோ அத்தனை விதமாகவும் தேடு, ஏனென்றால் ஒரே அறிக்கையில் ஒரே ஊரை மூன்று விதமாக எழுதியிருப்பார்கள். முகத்துவாரத்துக்கான ஆங்கிலச் சொல், உப்புத்தன்மை, இறால், மீனவர், கடல் அரிப்பு. பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசம் பார்க்காதே என்று சொல்ல 'ஐ' குறி. கூட்டத்தில் எழுந்து "முகத்துவாரத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை" என்பதற்கும், "இந்தப் பக்கத்தில் உப்புத்தன்மை பற்றி ஒரு பத்தி இருக்கிறது, எந்த மாதத்தில் எடுத்த அளவு என்று இல்லை" என்பதற்கும் உள்ள வித்தியாசம் அதிகாரிக்கு நன்றாகத் தெரியும். நம் ஏரியில் வடகிழக்குப் பருவமழையில் ஒரு உப்பு, கோடையில் இன்னொரு உப்பு. மாதம் தெரியாத அளவு எதற்கும் ஆகாது.

தமிழ்ப் பிடிஎஃபில் தேடுவது வேறு வித்தை. இதைக் கொஞ்சம் நிதானமாகக் கேள்.

தமிழ்ப் பிடிஎஃப் நான்கு விதமாக வரும். ஒன்று, ஒருங்குறியில் ஒழுங்காகச் செய்தது, கோடியில் ஒன்று. இரண்டாவது, ஒருங்குறிதான், ஆனால் எழுத்தைப் பிழியும்போது கொம்பு இடம் மாறிவிடும். திரையில் கொம்பு எழுத்துக்கு முன்னால்தான் வரையப்படுகிறது, அதனால் பிடிஎஃபிலும் முன்னால் பதிந்திருக்கும். 'பழவேற்காடு' என்பதில் 'வே'யின் இரட்டைக் கொம்பு 'வ'வுக்கு முன்னால் போய் உட்கார்ந்துவிடும். கண்ணுக்கு ஏறக்குறைய அதே மாதிரி தெரியும், தேடினால் கிடைக்காது. "நம்ம ஊர் பெயரே அறிக்கையில் இல்லை" என்று சண்டைக்குப் போகும் முன் இதை நினைவில் வை. கொம்பு வராத துண்டைத் தேடு. பழவேற்காட்டுக்கு 'ற்காடு'. கோட்டைக்குப்பத்துக்கு 'க்குப்பம்'. பசியாவரத்தில் கொம்பே இல்லை, அப்படியே தேடலாம். ஜமீலாபாத்தும் அப்படியே.

மூன்றாவது, பழைய எழுத்துரு. தமிழ்நாடு அரசு 2010-லேயே ஒருங்குறிதான் தரம் என்று ஆணை போட்டுவிட்டது. ஆனாலும் வானவில், பாமினி மாதிரி எழுத்துருவில் அடித்த கடிதங்கள் இன்னும் வருகின்றன. பிழிந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்து கொட்டும். பிடிஎஃப்-ஃபான்ட்ஸ் ஓட்டினால் எந்த எழுத்துரு என்று பெயர் தெரிந்துவிடும். ஓப்பன்-தமிழ் என்ற பைத்தான் நூலகத்தில், பழைய எழுத்துருவில் இருப்பதை ஒருங்குறிக்கு மாற்றும் வசதி இருக்கிறது. பெயரைத் தெரிந்துகொண்டு மாற்று.

நான்காவது, ஸ்கேன். கையெழுத்துப் போட்டு, சீல் வைத்து, படம் பிடித்து பிடிஎஃப் ஆக்கியது. பிழிந்தால் வெற்றுத் திரை. அதற்கு ஓசிஆர்-மை-பிடிஎஃப், தமிழ் மொழித் தொகுப்போடு. பழைய லேப்டாப்பில் மெதுவாகத்தான் ஓடும். இரவு சாப்பிடும்போது ஓட விட்டுவிடு. அது தரும் எழுத்தைத் தேடுவதற்கு மட்டும் பயன்படுத்து. சர்வே எண், தேதி, தொகை ஆகியவற்றை ஒருபோதும் அதிலிருந்து நகலெடுக்காதே, மூலப் பக்கத்தைத் திறந்து கண்ணால் பார்த்து எழுது. 3-ஐயும் 8-ஐயும் அது மாற்றிப் படிக்கும், சர்வே எண்ணில் அந்த ஒரு இலக்கம் மாறினால் வேறு யாருடைய நிலமோ ஆகிவிடும்.

வரைபடத்துக்கு இது எதுவும் உதவாது. கடலோர மண்டல மேலாண்மைத் திட்ட வரைபடங்கள் 1:25,000 அளவில் தயாராகிறவை. ஒரு தாளில் பல ஊர் அடங்கும். பிடிஎஃப்-இன்ஃபோவில் பக்க அளவு 2384-க்கு 3370 என்று வந்தால் அது ஏ-0 தாள், ஒரு கட்டில் அகலத்துக்குக் கிட்டத்தட்ட வரும். அதைப் பழைய லேப்டாப்பில் முழுதாகத் திறந்தால் உறைந்துவிடும். பிடிஎஃப்-டூ-பிபிஎம் கொண்டு முதலில் குறைந்த தெளிவில், 40 புள்ளி அளவில், முழுத் தாளையும் ஒரு சின்னப் படமாக்கு. நம் ஊர் எந்த மூலையில் இருக்கிறது என்று பார். பிறகு அந்த மூலையை மட்டும் 200 புள்ளியில் வெட்டி எடு. எங்கே தொடங்கி எத்தனை அகலம், எத்தனை உயரம் என்று நான்கு எண் கொடுத்தால் போதும். வலை காயப்போடும் இடமும், படகு ஏற்றும் துறையும், மீன் இறங்கும் இடமும் குறிக்கப்பட்டிருக்கிறதா என்று அந்தத் துண்டில் தேடு. அந்தச் சின்னப் படத்தை வாட்ஸ்அப்பில் எல்லோருக்கும் அனுப்பலாம். பெரிய பிடிஎஃபை அனுப்பினால் யாரும் திறக்கமாட்டார்கள். பெரியவர்களுக்கு அச்சடித்துக் காட்டு. வரைபடத்தில் இல்லாத துறையை அவர்கள்தான் விரல் வைத்துச் சொல்வார்கள்.

திறக்கக் கூடாதவையும் வரும். தடைக்கால நிவாரணம், படகு மானியம், காப்பீடு என்று நம் ஆட்களுக்கு ஆசையும் அவசரமும் உள்ள பெயர்களில்தான் மோசடி மெயில் வரும். டெர்மினலில் உள்ள ஒரு வசதி, அட்டாச்மென்ட் பட்டியலில் பெயரும் வகையும் பக்கத்தில் பக்கத்தில் தெரியும். பெயரில் பிடிஎஃப், வகையில் வேறு ஏதோ என்றால் நில். சேமித்துவிட்டு 'ஃபைல்' என்ற கட்டளையை ஓட்டு. பெயரைப் பார்க்காமல் உள்ளே இருப்பதைப் பார்த்து இது என்ன என்று சொல்லும். பெயரின் வாலில் பிடிஎஃபுக்குப் பிறகு இஎக்ஸ்இ இருந்தாலோ, ஏபிகே வந்தாலோ, எச்டிஎம்எல் அட்டாச்மென்டில் பாஸ்வேர்டு கேட்டாலோ அழித்துவிடு. ஜிப் வந்தால் பிரிக்காமல் உள்ளே என்ன இருக்கிறது என்று 'அன்ஜிப்'பில் 'எல்' குறி போட்டுப் பட்டியல் மட்டும் பார். நீ லினக்ஸில் இருப்பதால் உன் லேப்டாப்புக்கு ஒன்றும் ஆகாமல் போகலாம். ஆனால் நீ அதை ஊர் குரூப்பில் தள்ளிவிட்டால் இன்னொருத்தர் ஃபோனில் வெடிக்கும்.

பதில் அனுப்புவதற்கும் கொஞ்சம். ஜிமெயிலில் 25 எம்பி வரை அனுப்பலாம் என்று சொல்கிறார்கள், நம்பி 24 எம்பி மனுவைச் சேர்க்காதே. மெயில் போகும்போது அட்டாச்மென்ட் பேஸ்-64 என்ற எழுத்து வடிவத்துக்கு மாறும். மூன்று பைட்டுக்கு நான்கு எழுத்து. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஊதிவிடும். 18 எம்பிக்குள் வைத்துக்கொள். ஃபோனில் ஸ்கேன் செய்த கையெழுத்துப் பக்கங்கள்தான் கனம். கோஸ்ட்ஸ்கிரிப்டில் 'இ-புக்' அமைப்பில் ஒருமுறை ஓட்டினால் நன்றாக இளைத்துவிடும், படிக்கவும் முடியும். 'ஸ்கிரீன்' அமைப்பு இன்னும் இளைக்கும், ஆனால் கைநாட்டு ரேகை கலங்கிவிடும், அது வேண்டாம்.

எல்லாம் எழுதி, "மனு இணைக்கப்பட்டுள்ளது" என்றும் எழுதி, மனுவைச் சேர்க்காமல் அனுப்புவது உலகம் முழுக்க நடக்கிறது. மட்டில் இதற்கு ஒரு காவல் உண்டு. அபார்ட்-நோ-அட்டாச் என்ற அமைப்பு: மெயிலில் 'அட்டாச்' என்ற ஆங்கிலச் சொல் இருந்து, ஃபைல் எதுவும் இல்லாவிட்டால், அனுப்பும் முன் நிறுத்திக் கேட்கும். தானாக இயங்காது, நீதான் இயக்க வேண்டும். தேடும் சொல்லையும் தமிழுக்கு மாற்றிக்கொள்ளலாம். 'இணை' என்று மட்டும் கொடுத்துவிடாதே. மீன்வளத்துறை இணை இயக்குநர் அவர்களுக்கு என்று ஆரம்பிக்கும் ஒவ்வொரு மெயிலிலும் "அட்டாச்மென்ட் எங்கே?" என்று நிறுத்தும். 'இணைப்பு', 'இணைத்து', 'இணைக்க' என்று மூன்றையும் கொடு.